பதினொரு பாட்டும் அம்மா சொன்ன கதையும்

நான் வேலை பார்க்கும் சின்ன எஃப்.எம். நிலையத்தில் தமிழுக்கு ஒரு மணி நேரம்தான். காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. ஏலப்பாறைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் அது கொழுந்து கிள்ளும் நேரம். பெண்கள் போனை இடுப்பில் செருகி, இயர்போன் வயரைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். பாட்டு வருவதென்னவோ ஸ்பீக்கரில்தான். ஆனால் வயரைச் செருகாவிட்டால் போனில் சிக்னல் எடுக்காது. மேடு ஏறினால் பாட்டு தெளியும், பள்ளத்தில் இறங்கினால் இரையும். இன்ன பாட்டு இன்ன மேட்டில் கேட்டது என்று நினைவு வைத்திருப்பவர்களும் உண்டு.

போன வருடம் ஒரு பழைய படத்தைச் சுத்தம் செய்து, நிறம் துலக்கி, மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது வந்த படம். மொத்தம் பதினொரு பாட்டு. எங்கள் டவுனில் இருக்கும் ஒரே தியேட்டரில் ஒரு வெள்ளிக்கிழமை அது வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய பதினொரு நாளும் நாளுக்கு ஒரு பாட்டு என்று எங்கள் தமிழ் நேரத்தில் போட வேண்டும். விநியோகஸ்தரின் ஆள் ஒரு பென் டிரைவோடு வந்து சேர்ந்தார். வேலந்தாவளத்துக்காரர். மாட்டுச் சந்தை நாளில் ஆட்டோவில் மைக் கட்டிப் படத்துக்கு விளம்பரம் செய்தே பழகியவர். ரேடியோ அறையின் அமைதியைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டுபோயிருந்தார். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"ஏனுங்க, பாட்டப் போடுங்க, என்ன வேணா பேசுங்க. கதைய மட்டும் சொல்லிப்போடாதீங்க. கதை தெரிஞ்சுபோச்சுன்னா கொட்டாய்க்கு யாருங்க வருவாங்க?"

தலையாட்டினேன். மூன்றாம் நாளே அந்த நிபந்தனையை மீறினேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாட்டுகள் எங்கள் மலையில் எல்லோருடைய போனிலும் இருக்கின்றன. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கரில் பாடிப் பாடித் தேய்ந்தவை. கையில் இருக்கும் பாட்டை ரேடியோவில் கேட்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? முதல் இரண்டு நாளும் போனே வரவில்லை. இரண்டாம் நாள் முடியும் நேரத்தில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் கூப்பிட்டாள். இந்த ஊஞ்சல் பாட்டு படத்தில் எந்த இடத்தில் வருகிறது, யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்று கேட்டாள். சின்ன வயதில் கேட்ட கதை எனக்கு மங்கலாகத்தான் நினைவிருந்தது. விசாரித்ததில், எங்கள் தோட்டத்தை விட்டால் மலையில் கிட்டத்தட்ட யாருக்குமே தெரியாது என்பது தெரிந்தது. பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம், படத்தைப் பார்த்தவர் இல்லை. அந்தக் காலத்தில் அந்தப் படம் மேலே வரவே இல்லையாம். எதையாவது நோண்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்றிலிருந்து இந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டது.

படத்தைப் பார்த்த ஒரே ஆள் என் வீட்டிலேயே இருந்தாள். என் அம்மா.

பதினைந்து வயதில் ஒரு கல்யாணத்துக்காக அம்மா தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே டென்ட் கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்த்தாள். திரும்பி வந்ததிலிருந்து கொழுந்துக்காட்டில் அவளுக்கு ஒரு தனி மரியாதை. தேயிலை வரிசையில் நின்றுகொண்டு பாட்டுப் பாட்டாகக் கதை சொல்வாளாம். ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவன், அவனை விரும்பும் ஒருத்தி. ஊஞ்சலில் பாடுகிறாள், மழையில் பாடுகிறாள். மனம் உடைந்து ரயில் ஏறிப் போகிறாள். பிறகு ஒரு நாள் திரும்பி வருகிறாள். கல்யாணம் நடக்கிறது. அம்மா சொன்ன கதை இவ்வளவுதான். ஆனால் அவள் சொல்லும்போது ஊஞ்சல் கயிற்றில் சுற்றியிருந்த பூவின் பெயர்கூட இருக்கும்.

எங்கள் தோட்டத்துக்கே தெரிந்த கதைதானே, இதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அம்மாவை நிலையத்துக்கு அழைத்துப் போய், பாட்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேசவைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று லயத்து வரிசை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள் மைக் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டாள். பேச்சு முடிந்து பாட்டு தொடங்கியதுமே போன் அடிக்க ஆரம்பித்தது. எங்கள் நிலையத் தலைவருக்குத் தமிழ் அரைகுறை. அவரே வந்து அடுத்து என்ன ஆகும் என்று மலையாளத்தில் அம்மாவைக் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே நாளைக்குக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சொந்த அத்தை இல்லை. அம்மாவின் வயதுதான். முப்பது வருடத்துக்கு மேல் இருவரும் ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவர்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அத்தையின் புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கென்று இறங்கிப் போனார். திரும்பவில்லை. கடிதமும் இல்லை. அந்த வருடங்களில் அத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவாள். அம்மா படத்தின் கதையைச் சொல்வாள். போனவள் திரும்பி வரும் இடம் வந்ததும் அத்தை அதை மறுபடி சொல்லச் சொல்வாள். அம்மா மறுபடி சொல்வாள். படத்தில் போனது பொம்பளை, இங்கே போனது ஆம்பளை என்ற வித்தியாசம்கூட அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. போனவர் திரும்புவது ஒன்றுதான் அங்கே கணக்கு.

இப்போது அத்தைதான் எங்கள் நிகழ்ச்சியின் முதல் ரசிகை. தோட்டத்தில் எங்கள் டிவிஷன் பெண்கள் எல்லோரையும் சேர்த்து, வெள்ளிக்கிழமை மேட்னி ஷோவுக்கு இரண்டு ஜீப் பேசிவிட்டாள். முன் சீட்டு அம்மாவுக்கு என்றும் சொல்லிவிட்டாள்.

எட்டாம் நாள் வேலந்தாவளத்துக்காரர் போன் செய்தார். யாரோ நிகழ்ச்சியைப் பதிவு செய்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"அந்தம்மா சொல்ற கதை நெம்ப நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அது நம்ம படம் இல்லீங்களே."

கதையைச் சொல்லுங்கள் என்றேன். தன் நிபந்தனையைத் தானே மீறி அவர் கதை சொன்னார். படத்தில் பெண் ஒருத்தி இல்லை, இருவர். ஊஞ்சலில் பாடுபவள் பக்கத்து வீட்டுப் பெண். மழையில் பாடுபவள் நாடகக் கம்பெனியோடு ஊருக்கு வந்தவள். ரயில் ஏறிப் போவது இந்த நாடகக்காரி. கல்யாணத்தில் பாடுவது அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. போனவள் போனவள்தான், வரவே மாட்டாள்.

போனை வைத்துவிட்டுப் பாட்டுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெண் குரல் பாட்டு ஆறு. ஆறையும் பாடியிருந்தது ஒரே பாடகி. இத்தனை நாள் தினமும் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த ஆறில் கதை நகரும் நான்கு பாட்டை வரிசையாக ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். ஊஞ்சல், மழை, ரயில், கல்யாணம். கண்ணை மூடிக் கேட்டால் அங்கே ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். போனாள், வந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள். அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்த ஒருத்தி எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருப்பாள்?

அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட்டேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் நறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் கத்தியைப் பிடுங்கி வைத்தேன்.

அப்புறம் சொன்னாள். அவளைப் படத்துக்குக் கூட்டிப்போனதே மதினியின் கைக்குழந்தையை வைத்துக்கொள்ளத்தான். எழுத்து ஓடி முடிவதற்குள் குழந்தை வீறிட்டது. ஆட்கள் சத்தம் போட, மதினி கண்ணைக் காட்ட, இவள் குழந்தையோடு வெளியே வந்தாள். டென்ட் துணிக்கு வெளியே, கயிறு கட்டிய முளைக்குப் பக்கத்தில் நின்றாள். இடைவேளையில் யாராவது வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார்கள் என்று பார்த்தாள். யாரும் வரவில்லை. முழுப் படத்தையும் வெளியே நின்றே கேட்டாள். குழந்தை தூங்கியபோது வசனமும் கேட்டது. அழுதபோது அதைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் நடந்தாள், அப்போது பாட்டு மட்டும் கேட்டது. மேலே திரும்பி வந்ததும் கூட்டாளிப் பெண்கள் படம் பார்த்தியா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றாள்.

"ரயில்ல போறப்ப நீலச் சேலைன்னு சொல்லுவியே, அது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். கோபத்துக்கு நடுவிலும் எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அந்தப் பாட்டக் கேட்டா நீலமாத்தான இருந்துச்சு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மலை முழுக்கக் கேட்கும்படி இவளை மைக் முன்னால் உட்காரவைத்தது நான். வெள்ளிக்கிழமை எல்லோரும் படத்தைப் பார்க்கப்போகிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், பழைய நினைவு, மாறிப்போய்விட்டது என்று சமாளிக்கலாம் என்று வழி சொல்லிக்கொண்டே போனேன். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள். அவளுக்குப் பயமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே ஆளைப் பற்றித்தான்.

"அவ கிட்ட என்னட்டி சொல்லுவேன்?"

திரும்பி வரும் இடத்தை அத்தை எத்தனை முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் அம்மா வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று நானே பொய் சொல்லிவிட்டுப் பாட்டை மட்டும் போட்டேன். அத்தை சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதைக் குடிக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்ததைப் பார்த்தேன். பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை, என்னைவிட முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள். என்ன பேசப்போகிறாய் என்று வழியில் இரண்டு முறை கேட்டேன்.

அன்று கல்யாணப் பாட்டு. சிவப்பு விளக்கு எரிந்ததும் அம்மா வழக்கமான வணக்கம் எதுவும் சொல்லாமல் நேரே ஆரம்பித்தாள்.

"நான் இந்தப் படத்தப் பாக்கல. கொட்டகைக்கு வெளிய நின்னு கேட்டேன். கையில புள்ள இருந்துச்சு. உள்ள ரெண்டு பொம்பளைங்க இருந்துருக்காங்க, எனக்கு ஒருத்தி குரல்தான் கேட்டுச்சு. போனவ வரமாட்டாளாம். வந்தான்னு இத்தன வருசமா நான் சொன்னது தப்பு."

அவ்வளவுதான். பாட்டைப் போடச் சொல்லி எனக்குக் கை காட்டினாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் ரேடியோக்காரர்கள் எல்லாம் புளுகர்கள் என்று என்னைத் திட்டினார். உடும்பஞ்சோலைப் பெண் தன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டதாகவும் இனி என்ன செய்வது என்றும் உண்மையாகவே கவலைப்பட்டாள். அத்தை கூப்பிடவில்லை.

சாயங்காலம் நாங்கள் லயத்துக்கு வந்தபோது அத்தை பொதுக்குழாயில் குடத்தை வைத்திருந்தாள். குடம் நிரம்பி வழிந்தது. அதை எடுக்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

"நீ பாக்காத படத்தச் சொல்லியா எனக்கு ஆறுதல் சொன்ன?"

அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் லயத்தில் இருட்டும் முன்னால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சுவர் மெலிசு. அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று தோன்றியது. அந்த வேலந்தாவளத்துக்காரர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. அம்மா வரவில்லை என்று சொல்லிவிடுவாள், அத்தையும் வரமாட்டாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தை ஒரு தடவையாவது உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று சொன்னாள். அத்தையும் வந்தாள். முன் சீட்டை யாரும் அம்மாவுக்கு விட்டுவைக்கவில்லை. அம்மா பின்னால் ஏறினாள். அத்தை எதிரே உட்கார்ந்து, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தியேட்டர் நிறைந்திருந்தது. வேலந்தாவளத்துக்காரர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பொய்க்கதை கேட்டவர்கள் எல்லோரும் உண்மைக்கதை என்ன என்று பார்க்க வந்திருக்கிறார்கள் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அவரைத் திட்டத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு?

நான் திரையைப் பார்த்த நேரம் கொஞ்சம். எங்கள் வரிசையின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் மூன்று பேர். ஊஞ்சலில் பூவே சுற்றியிருக்கவில்லை. அம்மா அதைப் பார்த்து லேசாக நெற்றியைச் சுருக்கினாள். மழையில் நாடகக்காரி முதன்முதலாக முகம் காட்டியபோது எங்கள் டிவிஷன் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. வாய் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் தன் கதைக்குள் இருந்தும் தனக்கு முகம் தெரியாமல் போன ஒருத்தியை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

நாடகக்காரி ரயில் ஏறினாள். சேலை மஞ்சள். ஜன்னலில் முகம், பாட்டு, ரயில் போய்விட்டது. அதன் பிறகு படத்தில் அவளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. யாரும் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கல்யாணப் பாட்டு வந்தபோது தியேட்டரில் கை தட்டினார்கள். அத்தை தட்டவில்லை. அழவும் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது வெளிச்சம் மங்கவில்லை. ஆனால் மூன்றாவது வளைவிலேயே மஞ்சுப் பனி இறங்கிவிட்டது. டிரைவர் விளக்கைப் போட்டு மெல்ல ஓட்டினார். ஜீப்பில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசினாலும் அது அம்மாவின் மேல் போய் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அத்தைதான் பேசினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ரெண்டாமத்தவ ரயில் ஏறுனால்ல. பெறகு எங்க போனா?"

"அது படத்துல இல்லியே" என்றாள் அம்மா.

"படத்துல இல்லன்னு எனக்கும் தெரியும். நீ சொல்லு."

இனி வாழ்நாளில் கதையே சொல்லமாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். ஜீப் ஒரு வளைவைக் கடந்து நேரானது. அம்மா கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அத்தையின் பக்கம் கொஞ்சம் குனிந்தாள்.

"அவ யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்கல. ரயில விட்டு எறங்குனா, பஸ் ஏறுனா. நேரா மேல வந்தா. தோட்டத்துல பேர் பதிஞ்சா. அவளுக்குப் பாட்டுத்தான் தெரியும், கொழுந்து கிள்ளத் தெரியாது. கையெல்லாம் கறை. மொத நாள் ராத்திரி லயத்துல தனியாப் படுத்துக்கிட்டு அழுதா..."

"அழல" என்றாள் அத்தை. "அழுதான்னு சொல்லாத."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, அழல" என்றாள்.